சலுகைச் சீட்டு யாருக்குச் சலுகை?

பஸ் கட்டணம் உயரும்போதெல்லாம் அவ்வுயர்வோடு ஓர் ஆறுதல் மொழியும் உடன் வருவது உலக வழக்கம். மாதச் சீட்டு வாங்குவோர்க்குக் கழிவு உண்டு. மொத்தமாகச் சீட்டு வாங்குவோர்க்கு விலைக்குறைப்பு உண்டு. புதிய கட்டணம் நடைமுறைக்கு வருமுன் பழைய விலையிற் சீட்டுக்களை வாங்கி வைப்போர்க்கு இலாபமும் உண்டு என்பதே அது. முன்யோசனை உள்ளவன் கட்டண உயர்வினாற் பெரிதும் தாக்கமடையான், தாக்கமடைபவன் தன் அசட்டையின் பயனையே அனுபவிக்கின்றான் என்பது இவ்வாறுதலின் உட்பொருளாகும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கூற்று, யார் எவ்வளவு கொடுக்கின்றார் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கியதும் நிலைகுலைந்து போகின்றது.

முன்பணத்துக்கு அளிக்கப்படும் கழிவு வறியவனுக்கு அளிக்கப்படும் சலுகை ஆகாது. கையில் மிகையாகப் பணம் வைத்திருப்பவன் அப்பணத்தைப் போக்குவரத்து நிறுவனத்துக்குச் சில வாரங்களுக்குக் கடனாகக் கொடுக்கின்றான்; நிறுவனம் அக்கடனுக்கு வட்டி செலுத்துகின்றது. அந்த வட்டிக்கு நாம் இட்டு வழங்கும் பெயரே சலுகை என்பது. அதனைச் செலுத்துவதற்கான பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒவ்வொரு நாளும் சில்லறையை எண்ணிக் கொடுத்து, கழிவின்றி முழுக் கட்டணத்தையும் செலுத்தி ஏறும் பிரயாணியிடமிருந்தே அது பெருமளவு திரட்டப்படுகின்றது. இதனை நிறுவுவதற்குச் சில வரலாற்றுச் செய்திகளும் எளிய எண்கணிதமும் போதுமானவை.

ஒரே ஆண்டில் மூன்று மறுமொழிகள்

1953 ஆம் ஆண்டின் நடுப்பகுதி இப்பொருளில் ஆராய்ச்சிக்குரிய காலமாகும். ஒன்றோடொன்று தொடர்பற்ற மூன்று இடங்களிற் கட்டண உயர்வு மக்கள்மீது சுமத்தப்பட்டது. மூன்று இடத்து மக்களும் மூன்று வகையாக அதனை எதிர்கொண்டனர்.

கல்கத்தாவில், இலண்டனிற் பதிவு செய்யப்பட்ட கம்பனியொன்றே அக்காலத்தில் ட்ராம் வண்டிகளை நடத்திவந்தது. அக்கம்பனி 1953 யூலை முதலாகத் தன் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசாவால் உயர்த்தியது. ஒரு பைசா என்பது அற்பத் தொகை என்றே கம்பனி கருதியிருத்தல் வேண்டும். ஆனால், இரண்டாம் வகுப்பிற் சென்றோர் அந்த ஒரு பைசாவையும் எண்ணிச் செலவிடும் மக்கள். அவர்கள் பழைய கட்டணத்தையே நீட்டினர். புதிய கட்டணத்தைக் கொடுக்க மறுத்தனர். இடதுசாரிக் கட்சிகள் இணைந்து எதிர்ப்புக் குழு அமைத்தன. கைதுகளும் தடியடிகளும் நிகழ்ந்தன. ஏறக்குறைய ஒரு மாத காலப் போராட்டத்தின் பின் அவ்வுயர்வு நிறுத்திவைக்கப்பட்டது.

இலங்கையில் அதே ஆண்டு யூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம், பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் கூடின. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நின்றது. ஓகஸ்ட் 12 ஆந் திகதி நாடு ஹர்த்தால் கண்டது. அவ்வாண்டு ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். ஹர்த்தால் என்றதும் அரிசி விலையே நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் பயணக் கட்டணமும் அன்றைய சுமைகளுள் ஒன்றாக இருந்தமை மறக்கற்பாலதன்று.

நியூயோர்க் நகரில் நிகழ்ந்தது வேறு. அங்கு 1904 இல் நிலக்கீழ்ப் புகையிரதம் ஓடத் தொடங்கிய நாள்முதல் 1948 வரை கட்டணம் 5 சதமாகவே இருந்தது. 1948 இல் அது 10 சதமாயிற்று. 1953 யூலை 25 இல் 15 சதமாயிற்று. 15 சதத்துக்குத் தனி நாணயம் இன்மையால், நிலையத்துச் சுழற்கதவில் இடுவதற்கென உலோக வில்லையொன்று அறிமுகஞ் செய்யப்பட்டது. பின்னாளில் அவ்வில்லை பஸ்களிலும் செல்லுபடியாயிற்று. வில்லையின் மீது விலை பொறிக்கப்பட்டிருக்கவில்லை. வாங்கிய நாளின் விலை எதுவாயினும், பயன்படுத்தும் நாளில் அது ஒரு முழுப் பயணத்துக்கு உரியதாயிற்று. எனவே, அடுத்த கட்டண உயர்வு பற்றிய செய்தி பரவியதும் மக்கள் வில்லைகளை வாங்கிச் சேமிக்கத் தலைப்பட்டனர்.

ஓரிடத்திற் கொடுக்க மறுத்தல், ஓரிடத்தில் நாடு தழுவிய நிறுத்தம், ஓரிடத்தில் வாங்கிப் பதுக்குதல் என இம்மூன்று மறுமொழிகளும் அமைந்தன. முதலிரண்டும் எல்லோருக்குமாக உயர்வை எதிர்த்தன. மூன்றாவது, உயர்வை ஏற்றுக்கொண்டு, தனக்கு மட்டும் அதனைச் சில வாரங்கள் பின்தள்ளிப் போட்டது.

வில்லை சேமித்தோர் கணக்கு

வில்லைச் சேமிப்பில் இருந்த இலாபம் சிறியதன்று. 1966 இற் கட்டணம் 15 சதத்திலிருந்து 20 சதமாயிற்று. அதற்கு முன் 15 டொலர் கொடுத்து 100 வில்லைகளை வாங்கி வைத்தவன் கையில், உயர்வின் மறுநாள் 20 டொலர் பெறுமதியான பயணங்கள் இருந்தன. மூன்றில் ஒரு பங்கு இலாபம் ஒரே இரவில் வந்து சேர்ந்தது. 1975 இல் 35 சதம் 50 சதமாயிற்று. 1980 இல் 50 சதம் 60 சதமாயிற்று. எந்த வங்கியும் அத்துணைக் குறுகிய காலத்தில் அத்துணை வட்டி கொடுப்பதில்லை.

போக்குவரத்து அதிகாரிகள் இதனை விரும்பவில்லை. உயர்வு நெருங்கிய காலங்களில் ஒருவருக்கு இத்தனை வில்லைகளே என வரையறுத்தனர். 1970 இற் கட்டணம் 30 சதமானபோது முன்னையதிலும் பெரிய வில்லையொன்றைப் புழக்கத்துக்கு விட்டனர். பழைய சிறு வில்லை புதிய துளைக்குப் பொருந்தாது. பதுக்கியவன் தன் சேமிப்பை அவ்வாறே பயன்படுத்துதல் இயலாது என்பது அதன் நோக்கம். அதிகாரிகள் வில்லையின் அளவை மாற்றினரேயன்றி, வில்லையைச் சேமிக்கவும் இயலாத மக்களைப் பற்றிச் சிந்தித்ததாகத் தெரியவில்லை. பதுக்குவோருக்கும் அதிகாரிகளுக்கும் இடையே நடந்த இவ்விளையாட்டில், 15 டொலரை ஒருங்கே எடுத்துவைக்க முடியாத பிரயாணிக்கு இடமே இருக்கவில்லை.

பின்னர் வில்லைக்குப் பதிலாக அட்டை வந்தது. முன்பு அதிகாரிகள் தடுக்க முயன்ற மொத்தக் கொள்வனவு இப்போது அவர்களாலேயே ஊக்குவிக்கப்பட்டது. 1998 இன் கட்டண அமைப்பு இதற்குத் தெளிவான சான்றாகும். அப்போது ஒரு பயணத்தின் விலை ஒன்றரை டொலர். 15 டொலரோ அதற்கு மேலோ ஒருங்கே செலுத்துவோர்க்கு நூற்றுக்குப் பத்து மேலதிகமாக அட்டையிற் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு யூலையில் ஏழு நாளுக்கான வரையற்ற பயணச் சீட்டு 17 டொலருக்கும், 30 நாளுக்கான சீட்டு 63 டொலருக்கும் விற்பனைக்கு வந்தன.

நாளொன்றுக்கு இரு பயணமாக 30 நாள் செல்லும் நான்கு தொழிலாளர்களை எண்ணிப் பார்க்கலாம். நால்வரும் ஒரே நிலையத்தில் ஏறி ஒரே நிலையத்தில் இறங்குபவர்கள். மாதத் தொடக்கத்தில் 63 டொலர் கையில் உள்ளவன் 63 டொலரோடு மாதத்தை முடிக்கின்றான். வாரத்துக்கு 17 டொலரே திரட்டக்கூடியவன் அதே 30 நாளுக்கு ஏறக்குறைய 73 டொலர் கொடுக்கின்றான். பதினைந்து பதினைந்து டொலராகக் கட்டுபவனுக்கு ஏறக்குறைய 82 டொலர் ஆகின்றது. ஒவ்வொரு முறையும் ஒன்றரை டொலரை எண்ணிக் கொடுப்பவன் 90 டொலர் கொடுத்து முடிக்கின்றான். வண்டி ஒன்று, தூரம் ஒன்று, நெரிசலும் ஒன்றே. பையின் கனம் குறையக் குறையக் கட்டணம் ஏறிச் செல்கின்றது. மடியிற் கனமிருந்தால் வழியிற் பயம் என்றனர் முன்னோர். இக்கட்டண முறையில் மடியிற் கனமில்லாதவனே வழியிற் பயப்பட வேண்டியவனாகின்றான்.

சீட்டு வாங்கச் சீட்டுப் பிடித்தல்

முற்கொடுப்பனவுச் சலுகையைப் பெறுவதற்கு மூன்று தகைமைகள் வேண்டும். முதலாவது, ஒருங்கே கொடுக்கத்தக்க முதல். இரண்டாவது, வரும் மாதம் முழுவதும் வேலை உண்டு என்னும் நிச்சயம். மூன்றாவது, நாள்தோறும் மாறாத ஒரே வழி. மாதச் சம்பளம் பெறும் உத்தியோகத்தரிடம் இம்மூன்றும் உண்டு. அன்றாடங்காய்ச்சியிடம் இவற்றுள் ஒன்றேனும் இருப்பது அரிது.

முதலை எடுத்துக்கொள்வோம். நாட்கூலியில் வாழும் குடும்பம் கடைக்காரரின் கடன் கொப்பியில் வாழும் குடும்பமாகும். அரிசியும் மாவும் சீனியும் கொப்பியில் எழுதப்பட்டு வருகின்றன. அவசரம் நேரின் காதிலுள்ள தோடு அடகுக் கடைக்குச் செல்கின்றது. இவ்வாறு தன் உணவுக்கே பிறரிடம் கடன் பெறுபவள், போக்குவரத்து நிறுவனத்துக்கு ஒரு மாதக் கட்டணத்தைக் கடன் கொடுப்பது எங்ஙனம்? ஒழுங்கையிலும் தோட்டத்து லயத்திலும் பெண்கள் பத்துப் பேராகச் சேர்ந்து சீட்டுப் பிடிப்பது, ஒரு பெருந்தொகையை ஒருங்கே காண்பதற்கு அவர்களுக்கு வேறு வழி இன்மையாலேயே. பஸ் சீட்டைக் கழிவில் வாங்குவதற்கும் அவர்கள் முதலில் இன்னொரு சீட்டுப் பிடிக்க வேண்டியதாகும்.

நிச்சயம் என்பதும் அத்தகையதே. மழை பெய்தால் மேசனுக்கு வேலை இல்லை. லொறி வராவிடின் புறக்கோட்டை நாட்டாமைத் தொழிலாளிக்கு அன்றைய கூலி இல்லை. தேயிலைத் தோட்டத்திற் கொழுந்தின் நிறை குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகின்றது. மாதத்தில் இருபது நாள் வேலை கிடைக்குமா, பன்னிரண்டு நாள் கிடைக்குமா என்று அறியாதவன் முப்பது நாளுக்குச் சீட்டு வாங்கினால், கழிவென்று கருதியது நட்டமாக முடியலாம். எனவே அவன் வாங்காமல் விடுவது அறியாமையால் அன்று; அவனுடைய வாழ்நிலையில் அதுவே சரியான கணக்கு. வழியும் அவ்வாறே. இவ்வாரம் ஓரூரிற் சுவர் எழுப்புபவன் அடுத்த வாரம் வேறோரூரிற் கூரை வேய்கின்றான். இரண்டு இடங்களை எழுதி ஒட்டிய சீட்டு அவனுக்குப் பயன்படாது.

இம்மூன்று தகைமைகளும் இல்லாதவனைப் பார்த்து முன்யோசனை அற்றவன் எனப் பழிப்பது, நிலமற்றவனைப் பார்த்து ஏன் விதைக்கவில்லை என்று வினவுவது போன்றதாகும்.

இலங்கையின் அனுபவம்

இலங்கையிற் பஸ் சேவை 1958 சனவரி 1 இல் அரசுடைமையாயிற்று. தனியார் கம்பனிகளின் இலாபப் போட்டிக்கு விடப்பட்டிருந்த பிரயாணம் மக்கள் சேவையாதல் வேண்டும் என்பதே இலங்கைப் போக்குவரத்துச் சபையின் தோற்றத்துக்கு அடிப்படையாய் அமைந்த கொள்கை. இலாபம் தரும் வழியின் வருவாய் இலாபம் தராத கிராமத்து வழியைத் தாங்கும் என்பது அக்கொள்கையின் உயிர்நாடி. 1979 இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. அதன்பின் சபை பலவாறு பிரிக்கப்பட்டும் கம்பனிகளாக மாற்றப்பட்டும் நலிவுற்று, 2005 இன் சட்டத்தால் மீண்டும் ஒரே சபையாயிற்று. இதற்கிடையிற் பிரயாணிகளின் பெரும்பகுதி தனியார் வண்டிகளுக்குச் சென்றுவிட்டது.

இம்மாற்றத்திற் பருவச்சீட்டின் நிலை கவனித்தற்குரியது. மக்கள் வழக்கிற் சீசன் எனப்படும் இச்சீட்டை விநியோகிப்பது இ.போ.ச. ஆகும். தனியார் பஸ்ஸில் அது பொதுவாகச் செல்லாது. ஆகவே சீசன் வைத்திருப்பவன் சிவப்பு பஸ் வரும்வரை தரிப்பிடத்திற் காத்து நிற்கின்றான். வேலைக்கு நேரமாயின் கையிற் சீட்டு இருந்தும் தனியார் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து ஏறுகின்றான். மாணவர்க்கான பருவச்சீட்டில் அரசு பெரும் பங்கை ஏற்கின்றது. இது போற்றத்தக்க ஏற்பாடு. பிள்ளை அவ்வாறு சலுகையில் ஏறிய அதே வண்டியில், அப்பிள்ளையைப் படிப்பிக்கும் தாய் முழுக் கட்டணம் கொடுத்து வேலைக்குச் செல்கின்றாள் என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

2022 ஆம் ஆண்டு இவ்வமைப்பை வெளிச்சமிட்டுக் காட்டியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் 14 ரூபாவாக இருந்த ஆகக்குறைந்த பஸ் கட்டணம் சனவரி 5 இல் 17 ரூபாவாயிற்று, மார்ச்சில் 20, ஏப்பிரலில் 27, மே மாதத்தில் 32, யூலை முதலாந் திகதி 40 ரூபா. ஆறு மாதத்துள் ஐந்து உயர்வுகள். இரண்டு பஸ் மாறி வேலைக்குச் செல்பவன், இரண்டிலும் ஆகக்குறைந்த கட்டணமே கொடுப்பவனாயினும், போய்வர நாளொன்றுக்கு 56 ரூபா கொடுத்த நிலை மாறி 160 ரூபா கொடுக்க வேண்டியவனானான். 25 நாள் வேலைக்கு 1,400 ரூபாவாக இருந்தது 4,000 ரூபாவாயிற்று. 2021 இல் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா. அத்தகைய கூலி பெறும் ஒருவர் இவ்வாறு பயணஞ் செய்யின், கூலியில் ஆறில் ஒரு பங்களவு கூலியைத் தேடிச் செல்வதற்கே செலவாயிற்று.

கட்டணத்தின் மேல் மறைமுகமான இன்னொரு கட்டணமும் இருந்தது. 17, 27, 32 என வரும் தொகைகளுக்குச் சில்லறை தேடுவது நடத்துநர்க்கும் கடினம், பிரயாணிக்கும் கடினம். மூன்று ரூபா மீதி வராமலே பலர் இறங்கினர். மூன்று ரூபாவுக்காக வாய் திறப்பவனை அற்பன் என வண்டியே திரும்பிப் பார்க்கும். கல்கத்தாவின் ஒரு பைசாவும் அவ்வாறே அற்பமாகத்தான் கருதப்பட்டது.

அதே ஆண்டிற் பெற்றோலையும் டீசலையும் கொள்கலன்களிற் சேமித்து வைத்தோரைப் பதுக்கல்காரர் என்று நாடு தூற்றியது. அது முறையே. ஆனால் நாளைய விலையுயர்வுக்கு அஞ்சி இன்று சேமிப்பது என்ற அளவில், எரிபொருட் சேமிப்புக்கும் சீட்டுச் சேமிப்புக்கும் தன்மையில் ஒற்றுமை உண்டு. ஒன்றைக் குற்றம் என்றும் மற்றையதைச் சாமர்த்தியம் என்றும் கூறும் சமூகம், தன் அளவுகோலை ஒருமுறை மீளப் பார்த்தல் வேண்டும். அன்றியும், அவ்வாண்டு யூன், யூலை மாதங்களில் டீசல் இன்மையாற் பல பஸ்கள் ஓடவில்லை. முற்கூட்டியே பணங் கட்டிச் சீட்டுப் பெற்றவனும் தெருவில் நின்றான். பிரயாணி தன் கடமையை மாத முதலிலேயே முடித்துவிடுகின்றான். வண்டியின் கடமைக்கோ எவரும் பிணை நிற்பதில்லை.

எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு எதிராக மூன்று வாதங்கள் முன்வைக்கப்படலாம். அவை ஒவ்வொன்றும் மதித்து ஆராயத்தக்கவை.

முதலாவது, கட்டண உயர்வு தவிர்க்க முடியாதது என்பது. இதில் உண்மை உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசலின் விலை யூன் முடிவில் 460 ரூபாவாயிற்று. 17 ரூபாக் கட்டணத்தோடு எந்த வண்டியும் அந்நிலையில் ஓடியிருக்க முடியாது. பஸ் உரிமையாளன், சாரதி, நடத்துநர் ஆகியோரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையன்று. எண்ணெய் விலை தாழ்ந்தபோது கட்டணமும் தாழ்ந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. 2024 யூலையில் ஆகக்குறைந்த கட்டணம் 28 ரூபாவாகவும், ஒக்டோபரில் 27 ரூபாவாகவும் குறைக்கப்பட்டது. ஆயின் வினா வேறு. செலவு உயர்ந்தது, அச்செலவு பிரயாணிகளிடையே எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. உயர்வு தவிர்க்க முடியாதது என்பதால், அவ்வுயர்வின் பெரும்பாரத்தைச் சிறிய தோள் சுமத்தலும் தவிர்க்க முடியாதது என்றாகிவிடாது.

இரண்டாவது, மொத்தமாக விற்பதால் நிறுவனத்துக்குச் செலவு குறைகின்றது, அக்குறைவையே கழிவாகக் கொடுக்கின்றது என்பது. வியாபாரத்தில் இது முறை. ஒரு மூடை அரிசி வாங்குபவனுக்குக் கிலோ விலை குறைவதுபோல என்பர். ஒரு மூடை அரிசியைக் கடைக்காரர் தூக்கிக் கொடுத்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. அதனால் அவர்க்குச் செலவு குறைகின்றது. மாதச் சீட்டு வாங்கியவனையோ நிறுவனம் அறுபது தடவை ஏற்றி இறக்கியே ஆகவேண்டும். குறைவது சீட்டுக் கிழிக்கும் வேலை மட்டுமே. நியூயோர்க்கின் 63 டொலருக்கும் 90 டொலருக்கும் உள்ள இடைவெளி சீட்டுக் கிழிக்கும் கூலியாக இருத்தல் கூடுமா என்பதைக் கணக்கறிந்தோர் தீர்மானிக்கட்டும்.

மூன்றாவது, சிக்கனத்தைக் கண்டிக்கலாமா என்பது. சிக்கனத்தை எவருங் கண்டிக்கவில்லை. உயர்வுக்கு முதல்நாள் பழைய விலையிற் சீட்டு வாங்கி வைக்கும் குமாஸ்தாவும் தன் குடும்பத்தின் நெருக்கடியிலேயே அதனைச் செய்கின்றான். அவனைப் பழிப்பது பேதைமை. அவனுடைய சிக்கனத்தைக் காட்டி, உயர்வுக்குப் பரிகாரம் கண்டாயிற்று என்று கூறும் நிர்வாகமே கண்டனத்துக்குரியது. அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. மாதச் சம்பளக்காரனே குரலெழுப்பத் தெரிந்தவன்; பத்திரிகைக்குக் கடிதம் எழுதுபவன்; சங்கம் அமைப்பவன். அவனுக்குச் சிறு கழிவொன்றைக் கொடுத்து அமைதிப்படுத்திவிட்டால், நாட்கூலிக்காரன் தரிப்பிடத்திற் தனித்து விடப்படுகின்றான். சலுகைச் சீட்டின் அரசியற் பயன் இதுவே. வண்டியில் அருகருகே அமர்ந்திருக்கும் இருவரை அது இரு கட்சியாக்கி விடுகின்றது.

மாற்று வழி

இக்குறை தீராத குறையன்று. முன்னே கட்டுவோர்க்குக் கழிவு என்பதை மாற்றி, பயணங்களைப் பின்னே எண்ணிக் கழிவு கொடுக்கும் முறை நடைமுறையில் உண்டு. இலண்டனில் 2005 இல் நாட் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அட்டையிற் பயணஞ் செய்வோன் ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணமே செலுத்துகின்றான். அன்றைய மொத்தம் குறித்த வரம்பை எட்டியதும் எஞ்சிய பயணங்கள் இலவசமாகின்றன. நியூயோர்க்கும் 2022 இல் இவ்வழிக்கு வந்தது. ஒரு வாரத்திற் பன்னிரண்டு பயணங்களுக்குக் கட்டணஞ் செலுத்தியவன் அவ்வாரத்தின் எஞ்சிய பயணங்களை இலவசமாகப் பெற்றான். இம்முறையில் மாத முதலிற் பணம் தேவையில்லை. எத்தனை நாள் வேலை கிடைக்கும் எனச் சோதிடம் பார்க்கவும் தேவையில்லை. பயணஞ் செய்த அளவே கழிவைத் தீர்மானிக்கின்றது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இலண்டன் பஸ்கள் 2014 யூலை முதல் காசு வாங்குவதையே நிறுத்திவிட்டன. வங்கிக் கணக்கும் அட்டையும் இல்லாதவன் வண்டியிலேயே ஏற முடியாத நிலையை நவீனம் என்று கூறி இங்கு இறக்குமதி செய்தல் ஆகாது. கிராமத்துக் கடையிற் காசு கொடுத்து ஏற்றத்தக்க அட்டையும், அட்டை இல்லாதவனுக்குக் காசுச் சீட்டும் உடனிருத்தல் இன்றியமையாதது.

இலங்கையில் இதற்கெல்லாம் இயந்திரங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. வாரப் பருவச்சீட்டை மாதச் சீட்டின் அதே வீதத்தில் வழங்கலாம். அதனை அரச பஸ், தனியார் பஸ் இரண்டிலும் செல்லுபடியாக்கி, பிரயாணிகளின் தொகைக்கேற்ப வருவாயைப் பங்கிடலாம். இரண்டு பஸ் மாறிச் செல்வோன் இரண்டு முறை ஆகக்குறைந்த கட்டணம் கொடுக்கும் முறையை ஒழித்து, ஒரே சீட்டில் மாறிச் செல்ல இடமளிக்கலாம். ஐந்தின் மடங்குகளிற் கட்டணத்தை அமைத்து, அவ்வாறு அமைக்கும்போது மேல்நோக்கி அன்றிக் கீழ்நோக்கியே சுருக்கலாம். மாணவர்க்கு அரசு செய்வதைக் குறைந்த வருமானத் தொழிலாளர்க்கும் விரிக்கலாம். இவற்றுக்குப் பணம் வேண்டும் என்பது உண்மை. அப்பணத்தைப் பொதுவரியிலிருந்து கொடுத்தல் தகும். பிரயாணம் மக்கள் சேவையாதல் வேண்டும் என்பதே 1958 இன் கொள்கை; அக்கொள்கை தோற்றுப் போனதாகக் கூறுவோர், அது முழுமையாக என்றேனும் நிறைவேற்றப்பட்டதா என்பதையும் கூறுதல் வேண்டும்.

பல்கலைக்கழக மாணவர் சமூகத்துக்கு இவ்விடயத்திற் தனிப் பொறுப்பு உண்டு. கட்டண உயர்வு அறிவிக்கப்பட்டதும் தம் பருவச்சீட்டுக்குப் பாதிப்பு உண்டா என வினவி, இல்லை எனின் அமைதியடைதல் அச்சமூகத்துக்கு அழகன்று. அவர்களுட் பெரும்பாலானோரின் பெற்றோர், கழிவின்றிக் கட்டணஞ் செலுத்தும் வரிசையில் நிற்பவர்களே. அடுத்த உயர்வு வரும்போது எத்தனை வீதம் என்று மட்டும் கேட்பது போதாது. சில்லறை கொடுத்து ஏறுபவனுக்கு எவ்வளவு, மாதச் சீட்டுக்காரனுக்கு எவ்வளவு, இவ்விரண்டுக்கும் இடையே ஏன் இவ்வளவு என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். கணக்கறிந்தோர் அக்கணக்கைப் போட்டு, தரிப்பிடத்தில் நிற்போர்க்கு விளங்கும் மொழியிற் சொல்லட்டும். தான் ஏன் அதிகம் கொடுக்கின்றேன் என்பதை அறிந்த பிரயாணி, கல்கத்தா மக்களைப் போலப் பழைய கட்டணத்தை நீட்டும் துணிவையும் ஒருநாட் பெறுவான்.